கடலோடியும் கணக்குப் புத்தகமும்

அமாவாசைத் தர்ப்பணத்தில் பன்னிரண்டு பெயர்கள் சொல்ல வேண்டும். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி. பிறகு அம்மா பிறந்த வீட்டு வழியில் மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். அம்மாவும் போன பிறகு வந்த முதல் தை அமாவாசைக்கு மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்தபோது ஐந்து பெயர்கள் தடையில்லாமல் வந்தன. ஆறாவதில் நின்றுவிட்டேன். கொள்ளுப்பாட்டியின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

அப்பா அந்தப் பெயரை வருஷக்கணக்காக, ஒவ்வொரு அமாவாசையும் சொல்லியிருக்கிறார். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் காதில் அது ஒரு முறைகூட விழவில்லை. வாத்தியாருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. "பரவாயில்லை, பொதுவா சொல்லிக்கலாம்" என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எனக்குத்தான் போக முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பெயர் எழுதப்பட்ட ஒரு நோட்டு எங்கள் வீட்டில் இருந்தது. அதை எடைக்குப் போட்டது நான்.

நோட்டு என் பெரியப்பாவுடையது. அவர் வணிகக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். வருஷத்தில் பாதிக்கு மேல் ஊரில் இருக்க மாட்டார். குடும்பக் கல்யாண போட்டோ எதிலும் அவர் இல்லை. ஓய்வு பெற்று மந்தைவெளிக்கு வந்து சேர்ந்ததும் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. குடும்ப மரம் வரைய ஆரம்பித்தார். யார் வீட்டுக்குப் போனாலும் பாட்டிமார்களிடம் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பார். நாங்கள் கேலி செய்வோம். அவர் கண்டுகொள்ள மாட்டார். "கேட்டதை மட்டும் எழுதினா அது கதைடா. யார் சொன்னா, என்னிக்குச் சொன்னா, எதைப் பார்த்துச் சொன்னா, அதையும் பக்கத்துல எழுது. அப்பத்தான் அது கணக்கு" என்பார்.

அவர் போய்ச் சில வருஷங்களில் மந்தைவெளி வீடு இடிந்து ஃபிளாட் ஆயிற்று. பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கியது. கரையான் அரித்த காகிதங்கள், கப்பல் கம்பெனிக் கடிதங்கள், நாலைந்து தடிமனான நோட்டுகள். அன்றைக்கு லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. பழைய பேப்பர்காரர் தராசில் வைத்து என்ன கொடுத்தார் என்பதுகூட நினைவில்லை.

*

பெரியப்பாவின் அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கப்பல் எஞ்சின் அறையில் ஒரு நாள் நாலு மணி நேர வாட்ச்களாக உடைகிறது. பன்னிரண்டிலிருந்து நாலு, நாலிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு; இரவிலும் அதே வரிசை. ஒவ்வொரு வாட்ச் முடியும்போதும் எஞ்சினின் சுற்று, எண்ணெய் அழுத்தம், குளிர்நீரின் சூடு, எரிபொருள் செலவு எல்லாம் லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். தப்பாக எழுதினால் ரப்பர் போட்டு அழிக்கக்கூடாது. ஒரே கோடாக அடித்துவிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும். நாளைக்கு எஞ்சின் நின்றுபோனால் யாருடைய ஞாபகத்தையும் யாரும் கேட்க மாட்டார்கள். புத்தகத்தைத்தான் திறப்பார்கள்.

கப்பல்காரரின் சொந்த வாழ்க்கையும் அப்படியே ஒரு புத்தகத்துக்குள் அடங்கிவிடுகிறது. சி.டி.சி. என்று அவர்கள் சொல்லும் கையடக்கமான பதிவுப் புத்தகம் அது. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் ஏறினார், எங்கே எப்போது இறங்கினார், என்ன பதவி, கப்பல் தலைவரின் கையெழுத்து. முப்பது வருஷ வாழ்க்கையை வரிசை பிசகாமல் அதிலிருந்து எழுதிவிடலாம். நிலத்தில் வாழும் நமக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

இந்த எஞ்சின் அறைப் பழக்கம் வரலாறாக மாறியதற்குத் தமிழில் ஒரு நல்ல உதாரணம் உண்டு: கே.ஆர்.ஏ. நரசய்யா.

1933இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கடற்படையில் சேர்ந்து, லோனாவாலாவில் பொறியியல் பயிற்சி பெற்றார். அங்கே 1945இல் தொடங்கிய ஐ.என்.எஸ். சிவாஜி இன்றைக்கும் கடற்படை எஞ்சினியர்களின் பள்ளிக்கூடம். இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தொடக்கக் குழுவில் இருந்தார். பிறகு வணிகக் கப்பல்கள், அதன்பின் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் நீண்ட பணி, ஓய்வுக்குப் பிறகு உலக வங்கித் திட்டமொன்றுக்காகக் கம்போடியா. வாழ்க்கையின் பிற்பகுதி சென்னையில், புத்தகங்களோடு.

அவர் காலத்துப் பையன் ஒருவன் கப்பலேறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்றைக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். போதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிலிருந்து வீழ்த்தும் பாவங்களில் ஒன்றாக வைக்கிறது. அதே நூல், கடலில் போவது வடநாட்டாரின் வழக்கம் என்றும் ஓரிடத்தில் சொல்கிறது. ஆக, தடை எழுதப்பட்ட காலத்திலேயே மீறியவர்கள் இருந்திருக்கிறார்கள். சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் ஏறியபோதும் அந்தத் தடை உயிரோடுதான் இருந்தது. ஆறு வருஷம் கழித்து அவர் இறந்தபோது உறவினர் பலர் ஒதுங்கி நின்றதற்கு அதுவும் காரணம்.

இன்னொரு பக்கம், கப்பலை ஓட்டும் வேலையே வெள்ளைக்காரனுடையதாக இருந்தது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், 1919இல் சிந்தியா கம்பெனியின் லாயல்டி பம்பாயிலிருந்து கிளம்பியதும் அந்தச் சுவரில் விழுந்த அடிகள். 1927இல் டஃபரின் பயிற்சிக் கப்பல் வந்தது. கப்பல் பொறியியல் பயிற்சிக்கென்று 1949இல் தனி நிறுவனமும் வந்தது. நரசய்யாவின் தலைமுறை உள்ளே நுழைந்தது இந்தக் கதவு திறந்த நேரத்தில்தான்.

*

நரசய்யாவின் புத்தகங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. முதலில் 'கடலோடி'. லட்சுமி கிருஷ்ணமூர்த்தியின் வாசகர் வட்டம் வெளியிட்ட அந்தப் புத்தகத்தில் அவருடைய சொந்தக் கடல் அனுபவம் இருக்கிறது. பிறகு 'சாதாரண மனிதன்'. அது அவருடைய மாமா சிட்டியின் வாழ்க்கை. பிறகு 'மதராசபட்டினம்', 1600இலிருந்து 1947 வரை இந்த நகரத்தின் கதை. மதுரைக்கு 'ஆலவாய்'. தமிழர்களின் கடல் வணிகத்துக்கு 'கடல்வழி வணிகம்'. தான், தன் குடும்பத்து மனிதர், தன் ஊர், தன் கடல் என்று வட்டம் விரிந்துகொண்டே போகிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் குடும்ப மனிதர். சிட்டி என்கிற பெ.கோ. சுந்தரராஜன் 1910இல் பிறந்து 2006 வரை வாழ்ந்தவர். மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர். கு.ப.ரா.வோடு சேர்ந்து 'கண்ணன் என் கவி', தி. ஜானகிராமனோடு 'நடந்தாய் வாழி, காவேரி', சோ. சிவபாதசுந்தரத்தோடு 'தமிழ் நாவல்' என்று சேர்ந்து எழுதுவதிலேயே பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர்கள் வரலாற்றில் எளிதாகக் கரைந்துபோவார்கள். இன்னொருவர் பெயருக்குப் பக்கத்திலேயே அவர்கள் பெயர் நிற்கும். அவருக்குத் தனியாக ஒரு வாழ்க்கை வரலாறு எழுதி, அதற்குச் 'சாதாரண மனிதன்' என்று பெயர் வைத்தது ஒரு கப்பல் எஞ்சினியர். எழுத்தாளர் கிருத்திகாவும் சிட்டியும் எழுதிக்கொண்ட ஆங்கிலக் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியவரும் அவரே.

நம் வீடுகளில் கடிதங்களுக்கு என்ன கதி என்று எல்லோருக்கும் தெரியும். முன்பு கம்பியில் குத்தித் தொங்கவிடுவோம். கம்பி நிறைந்ததும் அடுப்புக்குப் போகும். அதை எடுத்து, தேதி பார்த்து, வரிசைப்படுத்தி வைக்க வீட்டுக்குள் ஒரு ஆள் வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் அந்த வேலையை நமக்காகச் செய்யப் போவதில்லை.

அவர் பணியாற்றிய விக்ராந்தின் கதையும் இதற்குப் பொருந்தும். உலகப் போர் முடிந்த 1945இல் பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் நீரில் இறங்கி, வேலை முடியாமல் நின்றுபோன கப்பல் அது. 1957இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்ட்டில் கட்டி முடித்து, 1961 மார்ச் 4 அன்று கொடியேற்றியது. 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்றது. 1997இல் ஓய்வு, 2014இல் உடைப்பு. அதன் இரும்பில் ஒரு பகுதியை உருக்கி மோட்டார் சைக்கிளில் சேர்த்து விற்றார்கள். தி.நகர் பாண்டி பஜாரில் அந்த வண்டி ஒன்றின் பின்னால் சிக்னலில் நின்றபோது எனக்குப் பெரியப்பாவின் நோட்டு ஞாபகம் வந்தது. இரண்டும் எடைக்குப் போனவை. ஆனால் விக்ராந்தில் யார் இருந்தார்கள், அது என்றைக்கு எங்கே போனது என்பதெல்லாம் எழுதப்பட்டுவிட்டன. கப்பல் போனாலும் கணக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் கணக்கே போய்விட்டது.

*

'தமிழனுக்கு வரலாற்று உணர்வு கிடையாது, எழுதி வைக்க மாட்டான்' என்று ஒரு பேச்சு உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேட ஆரம்பித்த பிறகு அது சரியில்லை என்று தோன்றுகிறது. நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். கணக்கு வைக்க வேண்டிய இடத்தில் மட்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தெரு, எந்த வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பது வரை. ஆயிரம் வருஷம் முந்திய சாதாரணப் பெண்கள். அவர்களுடைய பெருமைக்காக யாரும் அதை வெட்டவில்லை. ஆளுக்கு இவ்வளவு நெல் என்று அளக்க வேண்டியிருந்தது, அதற்காக. நகரத்தார் ஒன்பது கோயில்களில் 'புள்ளி'க் கணக்கு வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆனால் புதிய புள்ளி ஒன்று கூடும், அதற்கு வரி உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போனவன் பெயரும் ஊர்க் கோயில் கணக்கிலிருந்து விழவில்லை. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பேரேடுகளை வைத்திருப்பதும் அவர்கள் தொழிலின் கணக்குத்தான்.

கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680இல் திறந்தது. அந்த வருஷமே எலிஹு யேல் கல்யாணம் அங்கே பதிவானது. 1753இல் கிளைவ் கல்யாணம். அதே பதிவேட்டில் சாதாரணக் குமாஸ்தாவும் சிப்பாயும் உண்டு. இங்கிலாந்தில் இருக்கும் அவர்கள் வாரிசுகள், நம் ஊரில் முந்நூறு வருஷம் முன்னால் வாழ்ந்த தங்கள் பாட்டனைத் தேதியோடு கண்டுபிடித்துவிடுகிறார்கள். கோட்டையிலிருந்து நாலைந்து மைல் தள்ளி மயிலாப்பூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நூறு வருஷம் முந்திய பாட்டியின் பெயர் தெரியவில்லை.

ஆகவே கதை தெரிந்தவர்களைத் தேடுவதை விட்டுவிட்டுக் கணக்கைத் தேட ஆரம்பித்தேன். நம் வீடுகளில் அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது ஆச்சரியம். பழைய மொய் நோட்டு ஒன்றில் உறவுக்காரர் முழுப் பட்டியலும் ஊரோடு இருக்கும். திருப்பிச் செய்ய வேண்டுமே, அதனால். வீட்டுப் பத்திரத்தில் இன்னார் குமாரர், இன்னார் பாரியாள், கதவிலக்கம் இத்தனை என்று இருக்கும். ஜாதகக் கட்டின் தலைப்பில் பிறந்த வருஷமும் நாளும் நட்சத்திரமும் இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில், வீட்டில் யாருமே கூப்பிடாத நிஜப் பெயர் இருக்கும். ஆனால் இவை பெரும்பாலும் ஆண்களின் கணக்கு. பெண்களின் பெயர் எங்கே தங்கியது என்பதை அடையாறில் இருக்கும் என் அத்தைதான், தெரியாமலே, காட்டிக்கொடுத்தாள்.

*

அத்தைக்கு எண்பத்தேழு வயது. கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டபோது யோசிக்காமல் பதில் சொன்னாள். "எங்களுக்கு அவ குஞ்சம்மாப் பாட்டி. நிஜப் பேரெல்லாம் யாருடா கேட்டா? எங்கம்மா மாமியார் பேரை வாயால சொல்ல மாட்டா."

அங்கேயே தேடல் முடிந்தது என்று நினைத்தேன். காப்பி குடிக்கச் சமையலறைக்குள் போனபோது மேடையில் வெங்கலப் பானை கவிழ்த்து வைத்திருந்தது. பொங்கலுக்கு மட்டும் இறங்கும் பானை. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய ஒரு பெயர். நம் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது அழகுக்காக இல்லை. கல்யாண வீட்டுக்கு இரவல் போகும். நூறு பாத்திரத்தோடு கலந்துவிடும். திரும்பி வரும்போது அடையாளம் வேண்டும். அதுவும் கணக்குத்தான். பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த பாத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏறும். சொத்துப் பத்திரம் எதிலும் பெயர் வராத பெண்கள் வெங்கலத்தில் இருந்தார்கள்.

"அது என் பேர்தானே! எனக்காக வாங்கினதுன்னு நெனச்சிண்டிருக்கேன்" என்றாள் அத்தை. வெட்டியிருந்தது அவளுடைய பள்ளிக்கூடப் பெயர். வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ராஜிதான்.

"இந்தப் பானை எப்பலேர்ந்து உங்க வீட்டுல இருக்கு?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்ததாம். எங்கம்மா கல்யாணம் ஆகி வந்த மொதல் சங்கராந்திக்கு இதுலதான் பொங்கல் வெச்சாளாம். சொல்லிண்டே இருப்பா."

சொல்லி முடித்ததும் அவளே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். மாமியார் பெயரைச் சொல்லக் கூடாதென்பதால் அம்மாக்காரி குழந்தையை வேறு பெயரில் கூப்பிடுவாள். எண்பத்தேழு வருஷமாக ராஜியாக இருக்கும் அத்தையின் நிஜப் பெயர், அவள் பிறக்கும் முன்பே இருந்த பானையின் மேல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து புது நோட்டு ஒன்றில் எழுதினேன். பெயர். அடையாறு, தேதி. பார்த்தது: வெங்கலப் பானையில் வெட்டிய எழுத்து, அத்தையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். கேட்டது: பானை தனக்கு முந்தியது என்று அத்தை சொன்னது, அவளுக்கு அவள் அம்மா சொன்னது. சந்தேகம்: சீர் கொடுத்த அம்மாவின் பெயரையே பாத்திரத்தில் வெட்டுவதும் உண்டு, அப்படியானால் இது கொள்ளுப்பாட்டியின் அம்மாவாகவும் இருக்கலாம். முதலில் வருஷத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். ரப்பரைத் தேடிய கை நின்றது. ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட்டேன்.

அடுத்த அமாவாசைக்கு ஆறாவது பெயரில் வாத்தியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொன்னேன். பக்கத்து அறையில் என் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்து எழுந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பன்னிரண்டு பெயர்களையும் அவள் கையாலேயே அந்த நோட்டில் எழுதச் சொன்னேன். ஆறாவதுக்குப் பக்கத்தில் என்ன இது பென்சிலில் என்று கேட்டாள்.

"அது இன்னும் உறுதியாகலை. நீ பார்த்துக்கோ" என்றேன்.